பார்கின்சன் உள்ளவர் விழக்கூடுமா? முன்கூட்டியே கணிப்பது எப்படி: படிப்படியான முழு வழிகாட்டி

பார்கின்சன் உள்ளவர்களின் வீடுகளுக்குப் போய்ப் பயிற்சி கொடுப்பது என் வேலை. புதிதாகச் சேரும் பிசியோதெரபிஸ்ட்டானாலும் சரி, அப்பாவையோ அம்மாவையோ பார்த்துக்கொள்ளும் பிள்ளைகளானாலும் சரி, விழும் அபாயத்தைக் கணிக்கச் சொன்னால் நேராக ஸ்டாப்வாட்சைக் கையில் எடுத்து "எங்க, நடங்க பார்க்கலாம்" என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். கடைசியில் செய்ய வேண்டியது அது. முதலில் செய்தால் கிடைக்கும் எண்ணுக்கு அர்த்தம் இருக்காது.

நான் செய்யும் வரிசையை அப்படியே எழுதுகிறேன். ஒரே ஒரு சோதனையைத் தவிர மற்றதெல்லாம் வீட்டில் உள்ளவர்களே செய்யக்கூடியவைதான். எது என்று அந்த இடம் வரும்போது சொல்கிறேன்.

1. கையில் என்னென்ன இருக்க வேண்டும்

மாத்திரைச் சீட்டு, பெயரும் வேளையும் சேர்த்து. செல்போன், நேரம் எடுக்கவும் வீடியோ எடுக்கவும். இன்ச் டேப். கையில் கட்டிப் பார்க்கும் பி.பி. மெஷின். ஒரு நோட்டு.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமாக இன்னொரு ஆள் வேண்டும். நடக்க வைப்பவரே நேரத்தையும் பார்த்துக்கொண்டிருந்தால், தடுமாறும் நொடியில் அவர் கண் போன் திரையில்தான் இருக்கும். பக்கத்தில் நடப்பவர் கொஞ்சம் பின்தள்ளி, பலவீனமான பக்கமாக நடக்க வேண்டும். இடுப்பில் பிடித்துக்கொள்ள அகலமான பெல்ட் ஒன்று கட்டிவிடுங்கள். வேட்டியைப் பிடித்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள், விழும் நேரத்தில் வேட்டி மட்டும்தான் உங்கள் கையில் மிஞ்சும்.

வீட்டில் அவர் எதைப் போட்டு நடக்கிறாரோ அதையே போடச் சொல்லுங்கள், கைத்தடி வைத்திருந்தால் தடியோடுதான். சோதனைக்காகப் புது ஷூ மாட்டிவிட்டால் ஷூவின் அபாயத்தைத்தான் கணிப்பீர்கள்.

2. முதலில் மாத்திரை நேரத்தைக் குறியுங்கள்

பார்கின்சனுக்கான முக்கிய மருந்தான லெவோடோபாவைச் சாப்பிடுபவர் ஒரே நாளில் இரண்டு ஆட்களாக இருப்பார். மாத்திரை வேலை செய்யும் நேரத்தை ஆன் என்றும், அதன் பலம் தேய்ந்த நேரத்தை ஆஃப் என்றும் சொல்வோம். காலை 11 மணிக்கு ஹாலைச் சுற்றி வருபவர் விடியற்காலையில் கட்டிலிலிருந்து எழவே ஆள் தேடுவார். இரண்டும் அவர்தான்.

அதனால் நோட்டின் முதல் வரியில் கடைசி மாத்திரை எத்தனை மணிக்கு, இப்போது மணி எத்தனை, அவர் வாயால் ஆனா ஆஃபா என்று எழுதுங்கள். அளவுகளை ஆன் நேரத்தில் எடுங்கள், 6 மாதம் கழித்துத் திரும்ப எடுக்கும்போதும் அதே மாதிரி. ஒரு தடவை ஆனிலும் மறு தடவை ஆஃபிலும் எடுத்துவிட்டு "அப்பாவுக்கு ரொம்ப மோசமாகிவிட்டது" என்று பதறிப் போன் செய்தவர்கள் உண்டு. மோசமானது எதுவுமில்லை, கடிகாரத்தைப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

3. விழுந்த கதையைக் கேளுங்கள்

இனி ஒருவர் விழுவாரா என்பதை, போன வருடம் விழுந்தாரா என்ற கேள்வி சொல்லும் அளவுக்கு வேறு எந்தச் சோதனையும் சொல்வதில்லை. ஒரு நிமிடக் கேள்வி. ஆனால் இதில்தான் எல்லோரும் ஏமாறுகிறார்கள்.

"ஐயா, இந்த ஒரு வருஷத்துல கீழ விழுந்தீங்களா?"

"இல்லப்பா, அப்படியெல்லாம் ஒண்ணுமில்ல."

சமையலறையிலிருந்து குரல் வரும். "தீபாவளிக்கு முந்தின நாள் கொல்லைப்பக்கம் கிடந்தீங்களே, பக்கத்து வீட்டுத் தம்பிதானே வந்து தூக்கினான்?"

"அது விழுந்ததில்ல. வழுக்கிடுச்சு. அப்படியே உட்கார்ந்துட்டேன்."

இதே உரையாடலை எத்தனை வீடுகளில் கேட்டிருப்பேன் என்று கணக்கே இல்லை. வழுக்கினாலும் இடறினாலும், தெரியாமல் போய் உட்கார்ந்தாலும், தானாக நினைக்காமல் தரைக்கோ தாழ்வான இடத்துக்கோ உடம்பு போய்ச் சேர்ந்தால் அது விழுந்ததுதான். அடிபட்டதா என்பது வேறு விஷயம். "விழுந்தீங்களா" என்ற சொல்லையே ஒதுக்கிவிட்டு, "எழுந்திரிக்க யாராவது கை கொடுக்க வேண்டியிருந்ததா? எப்பவாவது தரையில உட்கார்ந்துட்டீங்களா?" என்று கேட்டால் பதில் வேறு மாதிரி வரும்.

கடந்த 12 மாதம் என்று கேட்டாலும் யாருக்கும் நினைவு வராது. பொங்கலில் இருந்து, ஊர்த் திருவிழாவில் இருந்து, பேத்தி கல்யாணத்தில் இருந்து என்று கேளுங்கள். கூடவே இருப்பவரிடம் தனியாகவும் ஒருமுறை. எதிரில் வைத்துக் கேட்டால் மனைவி பேச, அவர் முறைக்க, அங்கேயே கதை முடிந்துவிடும்.

விழுந்தது உறுதியானால் ஒவ்வொன்றுக்கும் இவற்றை எழுதுங்கள்: எந்த இடம், என்ன செய்துகொண்டிருந்தார், மணி என்ன, அதற்கு முன் மாத்திரை எப்போது, எந்தப் பக்கம் விழுந்தார், தலை சுற்றியதா. எழுதி முடித்ததும் பெரும்பாலும் ஒரு ஒழுங்கு தெரியும். கால் தரையோடு நின்றுபோய் உடம்பு மட்டும் முன்னால் போனால், அது நடை உறைதல். பீரோக் கதவைத் திறந்துகொண்டே ஒரு அடி பின்னால் வைத்து மல்லாக்க விழுந்தால், சமநிலைக் கோளாறு. எழுந்து நின்ற சில நொடியில் கண் இருட்டி விழுந்தால், ரத்த அழுத்தம் இறங்குவது.

எனக்குத் தெரிந்த ஒருவர் மூன்று முறை விழுந்திருந்தார். வீட்டில் எல்லோரும் பாத்ரூம் டைல்ஸைத்தான் திட்டிக்கொண்டிருந்தார்கள், அதை மாற்ற எவ்வளவு ஆகும் என்று விசாரித்தும் வைத்திருந்தார்கள். எழுதிப் பார்த்தால் மூன்றும் காலை ஆறரைக்கும் ஏழுக்கும் நடுவில். முதல் மாத்திரை ஏழு மணிக்கு. அதாவது இரவு முழுவதும் மருந்தில்லாத காலோடு, அவசரமாகச் சிறுநீர் கழிக்கப் போகும் நேரம். டைல்ஸ் அப்படியே இருக்கிறது. டாக்டரிடம் பேசி மாத்திரை நேரத்தை முன்னால் தள்ளினார்கள், கட்டிலருகே யூரின் கேன் ஒன்று வந்தது.

விழாமல் சுவரைப் பிடித்துத் தப்பிய தடவைகளையும் தனியாகக் குறியுங்கள். கடைசியில் நாம் கூட்டப்போகும் மதிப்பெண்ணில் அது சேராது, ஆனால் அடுத்து எங்கே விழுவார் என்பதை அதுதான் காட்டிக்கொடுக்கும்.

4. கால் ஒட்டிக்கொள்கிறதா என்று பாருங்கள்

கடந்த ஒரு மாதத்தில் நடை உறைதல் வந்ததா என்பது இரண்டாவது கேள்வி. இந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் யாருக்கும் புரியாது. "நடக்கணும்னு நினைக்கிறீங்க, ஆனா கால் பசை போட்டு ஒட்டின மாதிரி நின்னுடுதா?" என்று கேட்டு நீங்களே எழுந்து நடித்துக் காட்டுங்கள்: பாதம் ஒட்டியபடி இருக்க முழங்கால் மட்டும் நடுங்கும். பார்த்ததும் "ஆமா, இதான், இதேதான்" என்பார்கள், அதுவரை இல்லவே இல்லை என்று சொன்னவர்களும்.

மெதுவாக நடப்பதும் உறைதலும் ஒன்றல்ல. மெதுவாக நடப்பவர் போய்க்கொண்டே இருப்பார். உறைபவர் நன்றாக வந்துகொண்டிருந்து நிலைப்படியில் திடீரென்று நிற்பார்.

இன்னொரு சிக்கல், ஆட்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது பல சமயம் உறைதல் வராது. டாக்டர் அறையில் ராணுவ வீரர் மாதிரி நடந்துவிட்டு, வெளியே வந்து லிஃப்ட் வாசலில் நின்றுவிடுவார். கவனமெல்லாம் நடையில் இருக்கும்போது மூளை வேறு வழியில் சமாளித்துக்கொள்கிறது. கவனம் கலைந்ததும் மாட்டிக்கொள்கிறது. அதனால் வரவழைத்துத்தான் பார்க்க வேண்டும். நின்ற இடத்திலேயே ஒரு முழுச் சுற்று சீக்கிரமாகத் திரும்பச் சொல்லுங்கள், முதலில் வலப்பக்கம், அப்புறம் இடப்பக்கம். ஒரு பக்கம் மட்டும் பார்த்துவிட்டு விடாதீர்கள், பலருக்கு ஒரு பக்கம் திரும்பும்போதுதான் வரும். அடுத்து தண்ணீர் டம்ளரைக் கையில் கொடுத்து, குறுகிய வாசல் வழியாகப் பேசிக்கொண்டே போகச் சொல்லுங்கள். இதையெல்லாம் செய்யும்போது பக்கத்து ஆள் பெல்ட்டைப் பிடித்திருக்க வேண்டும், பெயருக்கு அல்ல, உண்மையாகவே.

எல்லாம் செய்தும் வரவில்லையென்றால், வீட்டாரை ஒரு வாரம் கவனித்து வீடியோ எடுத்துத் தரச் சொல்லுங்கள், பாதம் தெரிகிற மாதிரி. எனக்கு வரும் வீடியோக்களில் பாதியில் முகம்தான் இருக்கும்.

5. நடை வேகத்தை அளங்கள்

இப்போது எடுங்கள் ஸ்டாப்வாட்சை. நிறைய வீடுகளில் ஹாலில் இருப்பது 2 அடி டைல்ஸ், அதாவது 60 செ.மீ. ஏழு டைல் சேர்ந்தால் 4.2 மீட்டர். உங்கள் டைல் வேறு அளவென்றால் இன்ச் டேப் இருக்கிறது. ஏழு டைலுக்கு முன்னால் இரண்டும் பின்னால் இரண்டும் கூடுதலாக விடுங்கள், ஏனென்றால் கிளம்பும்போதும் நிற்கும்போதும் யாருடைய வேகமும் குறையும், நமக்கு வேண்டியது நடுவில் உள்ள சீரான நடை. முதல் கோட்டைக் கால் தாண்டும்போது தொடங்கி, கடைசிக் கோட்டைத் தாண்டும்போது நிறுத்துங்கள்.

நொடிக்கு 1.1 மீட்டர்தான் எல்லைக்கோடு. 4.2 மீட்டரைக் கடக்க 3.8 நொடிக்கு மேல் ஆனால் வேகம் அதற்குக் கீழே என்று அர்த்தம். இரண்டு மூன்று தடவை எடுத்து சராசரி போடுங்கள்.

இதில் பார்த்த தப்புகளைச் சொல்லிவிடுகிறேன். "வேகமா நடங்க" என்கிறார்கள்; வேண்டியது அவருடைய வழக்கமான நடை, கடைக்குப் போகும் நடை. கூடவே நடந்துகொண்டு "ஒண்ணு, ரெண்டு, அப்படித்தான், சூப்பர்" என்று தாளம் போடுகிறார்கள். பார்கின்சனில் தாளம் கேட்டாலே பலருக்கு நடை சீராகிவிடும், பயிற்சியில் நாங்கள் வேண்டுமென்றே செய்வது அது, அளக்கும்போது செய்தால் பொய்யான எண் கிடைக்கும். அப்புறம், தரையின் குறுக்கே பளிச்சென்று டேப் ஒட்டுகிறார்கள். அந்தக் கோடே சிலருக்குக் காலைத் தூக்கி வைக்கத் தூண்டும். அடையாளத்தைச் சுவரோரமாக வையுங்கள். உங்கள் ஹால் கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட தரையாக இருந்தால் வேறு இடத்தில் அளங்கள்.

வீட்டில் செய்யக்கூடாத சோதனை என்று சொன்னேனே, அது பின்னாலிருந்து தோளைப் பிடித்துச் சட்டென்று இழுத்துப் பார்ப்பது. நரம்பியல் டாக்டர் செய்வதைப் பார்த்துவிட்டு மகன்கள் வீட்டில் முயல்கிறார்கள். சிலர் ஒரு அடிகூடப் பின்னால் எடுத்து வைக்காமல் மரம் மாதிரி அப்படியே சாய்வார்கள், மொத்த எடையும் உங்கள் மேல் வரும். பழகியவர்களிடம் விட்டுவிடுங்கள்.

6. கூட்டுங்கள்

ஆஸ்திரேலியாவில் செரீன் பால் குழுவினர் 205 பேரை 6 மாதம் பின்தொடர்ந்து 2013-இல் வெளியிட்ட கணக்கு இது. கடந்த 12 மாதத்தில் விழுந்திருந்தால் 6. கடந்த ஒரு மாதத்தில் நடை உறைந்திருந்தால் 3. வேகம் 1.1 மீட்டருக்குக் கீழே என்றால் 2. மொத்தம் 11.

0 வந்தால் அடுத்த 6 மாதத்தில் விழ வாய்ப்பு சுமார் 17 சதவீதம். 2 முதல் 6 வரை என்றால் 51. 8 முதல் 11 வரை என்றால் 85. கூட்டலை வைத்துப் பார்த்தால் 7-ம் 10-ம் வரவே வராது; வந்தால் எங்கோ தப்பு.

இந்த எண்ணை வாசிப்பதில் கவனம் வேண்டும். நடுப்பட்டையில் 2 வாங்கியவரும் 6 வாங்கியவரும் ஒன்றாக உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவர் மெதுவாக நடப்பவர் மட்டும். இன்னொருவர் ஏற்கனவே விழுந்தவர். என்னைக் கேட்டால் 6-ஐ நான் மேல்பட்டையோடு சேர்த்தே நடத்துவேன்.

0 என்றால் பயமில்லை என்றும் எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆறு ஆய்வுகளைச் சேர்த்து 2007-இல் வந்த ஒரு கணக்கில், 3 மாதத்துக்குள் விழுந்தவர்கள் 46 சதவீதம். அதற்கு முன் விழாதவர்களிலேயே 21 சதவீதம் பேர் விழுந்திருந்தார்கள்.

7. மதிப்பெண்ணில் வராதவற்றைத் தேடுங்கள்

விழ எவ்வளவு வாய்ப்பு என்பதோடு எண்ணின் வேலை முடிந்தது. எதனால் என்பதற்கு இந்தப் படி.

ரத்த அழுத்தத்தில் தொடங்குங்கள். 5 நிமிடம் படுக்க வைத்து அளங்கள். எழுந்து நின்றதும் 1 நிமிடத்தில், பிறகு 3 நிமிடத்தில் அளங்கள். மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 குறைந்தால் டாக்டருக்குத் தெரிய வேண்டும். உட்கார்ந்த நிலையில் மட்டும் பார்த்து "பி.பி. நார்மல்" என்று எழுதுவதுதான் வழக்கமான பிழை. நிற்க வைத்தால்தானே இறங்குவது தெரியும்? பார்கின்சன் மாத்திரை, பத்து வருடமாக ஓடும் பி.பி. மாத்திரை, புராஸ்டேட்டுக்குக் கொடுத்தது எல்லாம் சேர்ந்து இறக்கியிருக்கலாம். எதையும் நீங்களாக நிறுத்தாதீர்கள், முக்கியமாக லெவோடோபாவை. திடீரென்று நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாகலாம்.

அடுத்து மாத்திரைச் சீட்டில் தூக்க மாத்திரை இருக்கிறதா, நடுக்கத்துக்கான டிரைஹெக்ஸிஃபெனிடில் இருக்கிறதா என்று பாருங்கள். வயதானவர்களுக்கு இரண்டுமே குழப்பம் உண்டாக்கக்கூடியவை. கேட்டு வையுங்கள்.

மூன்றாவது, நடந்துகொண்டே காய்கறிப் பெயர்களைச் சொல்லச் சொல்லுங்கள். கத்தரிக்காய், வெண்டைக்காய் என்று சொல்லிக்கொண்டே போனால் நல்லது. சொல்வதற்காக நின்றாலோ, சொன்னபடி நடை சுருங்கிப் பொடிநடையானாலோ, இரண்டு வேலையைச் சேர்த்துச் செய்ய மூளையால் முடியவில்லை என்று பொருள். கையில் காபியோடு வருவது, செல்போன் அடித்ததும் திரும்புவது எல்லாம் இவருக்கு அபாயம்.

கடைசியாக, சிலர் தங்களால் முடியாததை முடியும் என்று நம்பி எழுந்துவிடுவார்கள். "கூப்பிடுங்கன்னு சொன்னா கூப்பிடவே மாட்டார்" என்று மனைவி சொன்னால் அதைக் குடும்பப் புகாராக எண்ணாமல் நோட்டில் எழுதுங்கள்.

8. அவரோடு வீட்டைச் சுற்றுங்கள்

நீங்கள் தனியாகப் போய் வழுக்கும் இடம் தேடினால் உங்களுக்கு வழுக்கும் இடம்தான் கிடைக்கும். அவரை நடக்கவிட்டுப் பின்னாலேயே போங்கள். கட்டிலிலிருந்து கழிவறை வரை, அதுவும் முடிந்தால் இரவு எந்த விளக்கு எரியுமோ அந்த வெளிச்சத்தில். கால்மிதி மடிந்திருக்கிறதா, நிலைப்படியில் நிற்கிறாரா, எதைப் பிடிக்கிறார் என்று பாருங்கள். அவர் கை தினமும் பிடித்துப் பிடித்துச் சுவரில் எண்ணெய்க் கறை படிந்த இடம் இருக்கும். கைப்பிடி அடிக்க வேண்டியது அங்கேதான்.

9. எண் வந்த பிறகு

குறைவான எண் வந்தவர்களுக்குத்தான் பயிற்சியைத் தள்ளிப்போடுகிறார்கள், "இப்ப நல்லாத்தானே இருக்கார்" என்று. 231 பேரை வைத்து 2015-இல் கொலீன் கானிங் குழு வெளியிட்ட ஆய்வில், சமநிலை, கால்பலப் பயிற்சிகளால் விழுவது குறைந்தது நோய் முற்றாதவர்களுக்குத்தான். முற்றியவர்களுக்கு அதே பயிற்சி அப்படி உதவவில்லை. அதனால் 0 வாங்கியவரை இன்றே பயிற்சியில் சேர்த்துவிடுங்கள். 8 அல்லது அதற்கு மேல் வாங்கியவருக்குப் பயிற்சியை ஆள் துணையோடு செய்து, மாத்திரை நேரம், பி.பி., கைப்பிடி, இரவுக் கழிவறை ஆகியவற்றை முதலில் சரிசெய்யுங்கள்.

நோயின் அறிகுறி தொடங்கி 3 வருடத்துக்குள்ளேயே சமநிலை தவறித் திரும்பத் திரும்ப விழுந்தால், நரம்பியல் டாக்டரிடம் அதைத் தனியாகச் சொல்லுங்கள். பார்கின்சனைப் போலவே தெரியும் பி.எஸ்.பி. (மூளை நரம்புகளைப் பாதிக்கும் இன்னொரு நோய்) போன்ற வேறு நோயாக இருக்குமோ என்று அவர் பார்ப்பார். நன்றாக இருந்தவர் இரண்டே நாளில் அடிக்கடி விழ ஆரம்பித்தால் சிறுநீர்த் தொற்றையும் புது மாத்திரையையும் சந்தேகப்படுங்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர் தலையில் அடிபட விழுந்தால், காயம் தெரியாவிட்டாலும் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

கணிப்பு 6 மாதத்துக்குத்தான் செல்லும். பிறகு எல்லாவற்றையும் மறுபடி எடுக்க வேண்டும். நடுவில் விழுந்தாலோ மாத்திரை மாறினாலோ அப்போதே. மாத்திரை கூட்டி நடை நன்றாகிவிட்டது என்றால் விழுவது குறையும் என்று நினைப்போம், சில சமயம் கூடும். உட்கார்ந்தே இருந்தவர் இப்போது எழுந்து நடமாடுகிறார் அல்லவா.

அதுவரை விழும் நாட்களைக் காலண்டரில் குறிக்கச் சொல்லுங்கள். மாதக் காலண்டரில். தினசரி காலண்டரில் எழுதச் சொல்லி நான் ஒருமுறை ஏமாந்தேன். மூன்று மாதம் கழித்துக் கேட்டபோது, அந்த அம்மா ஒழுங்காக எழுதித்தான் வந்திருக்கிறார், மறுநாள் காலையில் ஒழுங்காகக் கிழித்தும் போட்டிருக்கிறார்.